இடது கைக்கு எது பழகும்? ரோலண்டு ஜூனோ டிஎஸ்61, யமஹா எம்எக்ஸ்61

பங்குனி பிறக்கும் முன்பே நாலைந்து தம்பிகளாவது போன் போட்டுவிடுகிறார்கள். கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான்: “அண்ணே, ரோலண்டு எடுக்கவா, யமஹா எடுக்கவா?” திருவிழா சீசனுக்குள் கையில் நல்ல கீபோர்டு இருக்க வேண்டும், வீட்டில் கஷ்டப்பட்டுப் பணம் புரட்டியிருப்பார்கள், ஒரு தடவை வாங்கினால் ஐந்தாறு வருடம் அதோடுதான் காலம் தள்ள வேண்டும். அப்படிப்பட்ட கேள்விக்கு ரெண்டு வார்த்தையில் பதில் சொல்லிப் போனை வைக்க எனக்கு மனசு வருவதில்லை. எனக்குத் தெரிந்ததை இங்கே விலாவாரியாக எழுதிவிடுகிறேன்.

நான் இருப்பது மதுரையில். மெல்லிசைக் குழுக்களில் கீபோர்டு வாசிப்பதுதான் தொழில். மேலூர், உசிலம்பட்டி, சோழவந்தான், திருமங்கலம் என்று சுற்றுவட்டாரத்தில் கோயில் திருவிழா, கல்யாணம், காதுகுத்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச் ஆராதனை எல்லாம் உண்டு. யமஹா எம்எக்ஸ்61 என் சொந்தக் கீபோர்டு, எட்டு வருடமாக வாசிக்கிறேன். ஜூனோ டிஎஸ்61 என் கூட்டாளியுடையது. அவன் வேலைக்கு வெளிநாடு போகும்போது “சும்மா பூட்டி வச்சா வீணாப் போயிரும்டா, நீ வாசி” என்று என் வீட்டில் இறக்கிவைத்துவிட்டுப் போனான். ஒன்றரை வருடமாக இரண்டையும் மாற்றி மாற்றி மேடையேற்றுகிறேன், சில நாள் ஒரே ஸ்டாண்டில் மேலும் கீழுமாக வைத்தும் வாசித்திருக்கிறேன்.

முதலில் காகிதத்தில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன், அதில் பெரிய வித்தியாசம் கிடையாது. எம்எக்ஸ் 2013ல் வந்தது, ஜூனோ டிஎஸ் 2015ல். இரண்டிலும் 61 கீ, இரண்டிலும் ஒரே நேரத்தில் 128 குரல் வரை சேர்ந்து ஒலிக்கும், இரண்டிலும் ஆயிரத்துக்கு மேல் டோன், அதாவது வாத்தியச் சத்தம், இருக்கிறது, கீயை அழுத்திப் பிடித்து ஏதாவது மாற்றும் ஆஃப்டர்டச் இரண்டிலுமே இல்லை. எடை எம்எக்ஸ்61 4.8 கிலோ, ஜூனோ 5.3 கிலோ. பைக்கில் முதுகுக்குப் பின்னால் பையைப் போட்டுக்கொண்டு உசிலம்பட்டி வரை போகிறவனுக்கு அந்த அரைக் கிலோ தெரியத்தான் செய்யும், ஆனால் அதை வைத்து யாரும் கீபோர்டு வாங்கப்போவதில்லை.

கடைக்குப் போனால் நமக்குக் காட்டுவது டோன் எண்ணிக்கையையும் டெமோ பாட்டையும்தான். டெமோ பாட்டு எந்தக் கீபோர்டிலும் நன்றாகத்தான் இருக்கும், அதற்காகவே செய்தது அது. நம் மேடையில் ஒரு கீபோர்டு உதவுமா உதவாதா என்பதை இடது கை இருக்கும் அந்த ஒரு ஜாண் இடம்தான் தீர்மானிக்கிறது. வலது கை கீயில் இருக்கும்போது இடது கை என்ன செய்கிறது என்பதில்தான் நம் பாட்டு நம் பாட்டாகக் கேட்கிறது. அதனால் சத்தத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் கன்ட்ரோலைப் பற்றிப் பேசுகிறேன்.

ஜூனோவின் இடது ஓரத்தில் இருப்பது ஒரே ஒரு லீவர். இடம் வலமாகத் தள்ளினால் ஸ்ருதி வளையும், முன்னால் தள்ளினால் மாடுலேஷன், அதாவது டோனில் அதிர்வு சேரும். விட்டால் எல்லாம் நடுவுக்குத் திரும்பிவிடும். எம்எக்ஸில் இரண்டு சக்கரங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்று பெண்ட் சக்கரம், அது விட்டால் நடுவுக்கு வரும். இன்னொன்று மாடுலேஷன் சக்கரம், அது நீங்கள் விட்ட இடத்திலேயே நிற்கும். எழுதிப் பார்த்தால் சின்ன விஷயம்போல இருக்கிறது, வாசிக்கும்போது அப்படி இல்லை.

தோடியை எடுத்துக்கொள்ளுங்கள். ஸட்ஜம் ஒரு கட்டை, அதாவது சி என்றால் தோடியின் காந்தாரம் டி ஷார்ப். ஆனால் தோடி காந்தாரத்தை யாரும் டி ஷார்ப்பில் அசையாமல் நிறுத்திப் பாடுவதில்லை, கீழே ரிஷபத்தையும் மேலே மத்யமத்தையும் தொட்டுத் தொட்டு அசையும். கீபோர்டில் பெண்ட் அளவு, அதாவது ஸ்ருதி எவ்வளவு தூரம் வளையும் என்பது, வழக்கமாக இரண்டு செமிடோன் (ஒரு செமிடோன் என்பது அடுத்த கீ வரைக்குமான தூரம்). டி ஷார்ப்பை அழுத்திக்கொண்டு லீவரை இடது கடைசிக்குத் தள்ளினால் சி ஷார்ப், அது தோடியின் ரிஷபம். வலது கடைசிக்குத் தள்ளினால் எஃப், அது மத்யமம். நமக்காகவே அளந்து வைத்தமாதிரி இருக்கும்! ஒரு கீயை அழுத்திப் பிடித்தபடி மணிக்கட்டை மட்டும் இடமும் வலமுமாக ஆட்டினால் அந்த அசைவு வந்துவிடுகிறது. வயலின்காரர் விரலைத் தந்தியில் ஆட்டுவதும் பக்கவாட்டில்தான், அந்தக் கை நினைவு லீவரில் அப்படியே வேலை செய்கிறது.

எம்எக்ஸின் சக்கரத்திலும் இதே அளவுதான், இதே ஸ்வரம்தான். ஆனால் சக்கரத்தை மேலும் கீழுமாக உருட்ட வேண்டும், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும், வேகமான அசைவில் விரல் வழுக்கும். சித்திரை மாதம் மேடையில் வியர்வையோடு வாசிக்கும்போது இது ரொம்பவே தெரியும். அதற்காகச் சக்கரம் மட்டம் என்று சொல்ல மாட்டேன். மெதுவான ஜாரு, ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்த ஸ்வரத்துக்கு நிதானமாக இழுத்துக்கொண்டு போவது, இதற்குச் சக்கரம்தான் எனக்குப் பிடித்தது. அதன் ஓட்டம் நீளமாக இருக்கிறது, எந்த இடத்தில் நிற்கிறோம் என்று விரலுக்குத் தெரிகிறது. லீவரில் அந்த நிதானம் பழகுவதற்கு எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. லீவரில் இன்னொரு தொந்தரவும் உண்டு: வேகமாக வலது பக்கம் தள்ளும்போது கை கொஞ்சம் முன்னால் போய்விட்டால் கேட்காத மாடுலேஷனும் சேர்ந்து வந்துவிடும், புல்லாங்குழல் திடீரென்று நடுங்கும். கையை ஸ்டாண்டின் ஓரத்தில் ஊன்றிக்கொண்டு வாசித்தால் இது குறைகிறது.

மாடுலேஷனுக்கு வந்தால் எம்எக்ஸ் ஜெயிக்கிறது. புல்லாங்குழல் டோனைப் போட்டுச் சக்கரத்தைக் கால்வாசி ஏற்றி விட்டுவிட்டால் அந்த லேசான அதிர்வு பாட்டு முழுக்க நிற்கும், இரண்டு கையும் கீயில் இருக்கலாம், இடது கையில் கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள், பிடிக்கலாம். ஜூனோவில் அதிர்வு வேண்டும் என்றால் லீவரை முன்னால் தள்ளிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், கார்டுக்குக் கை கிடைக்காது. தனியாக ஒரே கீபோர்டோடு போகிற ஆளுக்கு இது பெரிய விஷயம்.

அப்புறம் கட்டை மாற்றுவது. நம் ஊர்க் கச்சேரியில் ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவே கிடைப்பது அரை நிமிஷம், அதற்குள் அறிவிப்பாளர் ஊர் நாட்டாமையிலிருந்து ரேடியோ செட் வரைக்கும் எல்லோருக்கும் நன்றி சொல்லி முடித்துவிடுவார். பாடுகிற அக்கா பக்கத்தில் வந்து, “தம்பி, தொண்ட சரியில்ல, அரைக்கட்ட இறக்கிக்கிருவோமா?” என்பார். எம்எக்ஸில் ட்ரான்ஸ்போஸுக்கென்று ஏற்ற ஒன்று, இறக்க ஒன்று என இரண்டு பட்டன் தனியாக இருக்கின்றன, ஒரு தட்டுத் தட்டினால் ஒரு செமிடோன், வேலை முடிந்தது. ஜூனோவில் ட்ரான்ஸ்போஸ் பட்டனைப் பிடித்துக்கொண்டு இன்னொரு பட்டனையும் அழுத்த வேண்டும். பழகிவிட்டால் பெரிய கஷ்டமில்லைதான், ஆனால் மேடை வெளிச்சம் கண்ணில் அடிக்கும்போது ஒரு விரல் வேலையா இரண்டு விரல் வேலையா என்பதில் வித்தியாசம் இருக்கிறது.

நாப், அதாவது திருகும் குமிழ் விஷயத்தில் இரண்டு கம்பெனியும் வேறு வேறு மாதிரி யோசித்திருக்கிறார்கள். எம்எக்ஸில் நாலே நாப், அதற்கு மூன்று வரிசை வேலை. ஒரு வரிசையில் கட்ஆஃப் (சத்தத்தின் பளிச்சைத் திறந்து மூடுவது), ரெசொனன்ஸ், கோரஸ் (சத்தத்தை அகலமாக்குவது), ரிவெர்ப் (எதிரொலி). அடுத்ததில் அட்டாக், டிகே, சஸ்டெயின், ரிலீஸ் (கீயை விட்ட பிறகு சத்தம் எவ்வளவு நேரம் நீளும் என்பது). மூன்றாவதில் வால்யூம், பேன், நாமே ஒதுக்கிக்கொள்ளும் இரண்டு. பட்டனைத் தட்டி வரிசை மாற்ற வேண்டும். ரிவெர்பைக் குறைக்கலாம் என்று திருகினால் ரிலீஸ் மாறி ஸ்ட்ரிங்ஸ் வெட்டு வெட்டாக வரும், அப்போதுதான் எந்த வரிசையில் நிற்கிறோம் என்று விளக்கைப் பார்ப்போம். ஜூனோவில் நாப்களோடு நாலு ஸ்லைடரும் இருக்கிறது, இரண்டு டோனைச் சேர்த்துப் போட்டால் எது எவ்வளவு கேட்க வேண்டும் என்று ஸ்லைடரிலேயே ஏற்றி இறக்கிவிடலாம். சரணத்துக்குப் பின்னால் ஸ்ட்ரிங்ஸைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, பல்லவி திரும்பும்போது முழுதாக விடுவது, அதை ஸ்லைடரில் செய்யும்போது வருகிற சுகமே தனி. எம்எக்ஸில் இதை ஒரு வால்யூம் பெடல் வைத்துத்தான் செய்கிறேன்.

லேயர் (இரண்டு டோனைச் சேர்த்து ஒலிப்பது, ஜூனோவில் இதன் பெயர் டூயல்), ஸ்ப்ளிட் (இடது பக்கம் ஒரு டோன், வலது பக்கம் இன்னொன்று) இரண்டுக்கும் இரண்டிலுமே தனிப் பட்டன் உண்டு, அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. எம்எக்ஸின் திரை இரண்டே வரி, ஒரு வரிக்கு 20 எழுத்து, அதற்குள் ஆயிரம் டோனைத் தேடுவது வீட்டில் செய்ய வேண்டிய வேலை. மேடையில் தேடவே கூடாது. நமக்கு வேண்டியதைச் சேமித்து வைத்துக்கொள்ளும் வசதி இரண்டிலும் இருக்கிறது. கச்சேரிப் பட்டியல் கையில் கிடைத்ததும் உட்கார்ந்து தேவையான டோன்களை வரிசைப்படுத்தி அதில் போட்டுவிடுங்கள்.

சரி, சத்தத்துக்கு வருகிறேன்.

பியானோவில் எம்எக்ஸ்தான். யமஹா 1900த்திலிருந்து பியானோ செய்கிற கம்பெனி, ரோலண்டு 1972ல் ஒசாகாவில் எலக்ட்ரானிக் வாத்தியத்துக்கென்றே தொடங்கிய கம்பெனி. அந்தப் பிறப்பு இரண்டின் சத்தத்திலும் இன்றைக்கும் தெரிகிறது. எம்எக்ஸின் டோன்கள் யமஹாவின் பெரிய மேடைக் கீபோர்டான மோட்டிஃப் எக்ஸ்எஸ்ஸிலிருந்து எடுத்தவை. அதன் பியானோவில் சுத்தியல் தந்தியில் விழும் அந்த முதல் தட்டு பளிச்சென்று இருக்கும். ஜூனோவின் பியானோ ஹெட்போனில் கேட்டால் மெத்தென்று அழகாக இருக்கும், ஆனால் மேடையில் தபேலாவும் ரிதம் பேடும் பேஸ் கிடாரும் ஒன்றாக இறங்கும்போது உள்ளே போய்விடுகிறது, கட்ஆஃபைக் கொஞ்சம் திறந்துவிட வேண்டியிருக்கிறது. எலக்ட்ரிக் பியானோவும் அப்படியே. 1983ல் யமஹா டிஎக்ஸ்7 வந்ததற்குப் பிறகு எண்பதுகளின் பாட்டுகளில் கேட்கிற அந்தக் கண்ணாடி மணி போன்ற எலக்ட்ரிக் பியானோ, அதை எம்எக்ஸில் போட்டு இரண்டு கார்டு வாசித்தால் கூட்டத்தில் நாற்பது வயசுக்காரர்கள் தலை நிமிர்ந்து பார்ப்பார்கள். நான் இதைப் பல ஊரில் பார்த்திருக்கிறேன்.

ஸ்ட்ரிங்ஸில் யார் பெரியவர் என்று ஒரு வார்த்தையில் சொல்ல முடியவில்லை. இன்டர்லூடில் வயலின்கள் வேகமாக ஓடுகிற இடம், ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் வில் விழ வேண்டும், அது எம்எக்ஸில் வருகிறது. பாடகருக்குப் பின்னால் நீளமாக, போர்வை மாதிரி விரித்துப் போடுகிற ஸ்ட்ரிங்ஸ் ஜூனோவில்தான் வருகிறது. பேட் டோன்களை, அதாவது பின்னணியில் மெத்தென்று நீளமாக நிற்கும் சத்தங்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், அது ரோலண்டின் பிறந்த வீடு. ஜூனோ என்ற பெயரே 1982ல் வந்த பழைய அனலாக் சிந்தசைசர்களின் பெயர், அதன் கோரஸ் சத்தம் உலகப் புகழ் பெற்றது. சர்ச்சில் ஜெபம் நடக்கும்போது பாஸ்டர் பேசப் பேசப் பின்னால் மெல்லியதாக ஒரு கார்டு நிற்க வேண்டும், யார் கவனத்தையும் இழுக்கக் கூடாது, ஆனால் எடுத்துவிட்டால் இடம் வெறிச்சோடிவிட வேண்டும். அந்த வேலையை ஜூனோவில் கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம். எம்எக்ஸிலும் நல்ல பேட் உண்டு, ஆனால் எனக்கு அந்த ஈரம் அதில் கிடைக்கவில்லை.

பிராஸ் எம்எக்ஸ். குத்துப்பாட்டில் ட்ரம்பெட் கூட்டமாக அடிக்கிற இடத்தில் ஜூனோவின் பிராஸ் சிந்தசைசர் மாதிரியே கேட்கிறது, எம்எக்ஸில் ஊதுகிற ஆள் தெரிகிறான்.

நம் வாத்தியங்களுக்கு வந்தால் இரண்டு பேரிடமும் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். சிதார் இருக்கிறது, ஷெனாய் இருக்கிறது, நாதஸ்வரம் என்று மனசாரச் சொல்லக்கூடிய டோன் இல்லை. கல்யாண ஆர்டரில் கெட்டிமேளத்துக்கு முன்னால் நாதஸ்வரம் இல்லாமல் எப்படி? நான் செய்வதைச் சொல்கிறேன், பயன்பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள். ஜூனோவில் டூயலில் ஷெனாயையும் ஓபோ என்ற மேற்கத்திய ஊதுவாத்தியத்தையும் சேர்க்கிறேன், ஓபோவைக் கால்வாசிக்கு இறக்கிவிடுகிறேன், கட்ஆஃபை ஒரு நூல் மூடுகிறேன், ரிவெர்பைக் கிட்டத்தட்ட எடுத்தேவிடுகிறேன், ஏனென்றால் மண்டபமே போதுமான எதிரொலி கொடுக்கும். எந்த இடத்திலும் இரண்டு கீயைச் சேர்த்து அழுத்துவதில்லை. ஒவ்வொரு பிடியையும் கீழேயிருந்து லீவரால் ஏற்றித்தான் ஸ்வரத்துக்குள் நுழைகிறேன், நேராக ஸ்வரத்தில் குதித்தால் அங்கேயே கீபோர்டு என்று காட்டிக்கொடுத்துவிடும். பாரி நாதஸ்வரம் இரண்டு, இரண்டரைக் கட்டையில் பேசுவது, அதனால் ட்ரான்ஸ்போஸை அந்தக் கட்டையில் வைத்துக்கொண்டு ரொம்ப மேலே போகாமல் வாசிக்க வேண்டும். மேலே போகப் போக ஷெனாய் ஷெனாயாகவே ஆகிவிடுகிறது. எம்எக்ஸிலும் இதே கலவையைப் போட்டுப் பார்த்தேன், டோன் ஏறக்குறைய ஒன்றாகத்தான் வருகிறது, ஆனால் சக்கரத்தில் அந்த நுழைவு எனக்கு வரவில்லை. மற்றபடி ஜூனோவில் வேவ் ஃபைலைப் பென் டிரைவிலிருந்து ஏற்றிக் கீயில் வைத்து வாசிக்க முடியும், எம்எக்ஸில் அந்த வசதி கிடையாது. பழகிய நாதஸ்வரக்காரர் ஒருவரை உட்காரவைத்து ஒரு ஸ்வரத்தை நீளமாக வாசிக்கச்சொல்லிப் பதிவுசெய்து ஏற்றினேன். பக்கத்து நாலைந்து ஸ்வரம் வரைக்கும் உயிரோடு இருக்கிறது, அதைத் தாண்டினால் கார்ட்டூன் குரல் மாதிரி ஆகிவிடுகிறது. அதனால் ஆக்டேவுக்கு மூன்று இடத்திலாவது தனித்தனியாகப் பதிவு செய்ய வேண்டும். மெனக்கெட்டால் பலன் உண்டு.

ஜூனோவின் எட்டு ஃப்ரேஸ் பேடுகளும் இங்கே கைகொடுக்கின்றன. பென் டிரைவில் இருக்கிற ஆடியோவைப் பேடில் ஒதுக்கிவைத்தால் ஒரு தட்டில் ஓடும். கெட்டிமேளம் ஒன்று, கோயில் மணி ஒன்று, குலவைச் சத்தம் ஒன்று வைத்திருக்கிறேன். முளைப்பாரிப் பாட்டுக்கு நடுவில் குலவையைத் தட்டிவிட்டால் முன்வரிசைப் பெண்கள் தாங்களே தொடர்ந்து குலவை போட ஆரம்பித்துவிடுகிறார்கள். அந்தப் பாட்டு அன்றைக்கு அவர்களுடையதாகிவிடும்.

ஹெட்போனில் கேட்பது வேறு, ஊரில் கேட்பது வேறு என்பதையும் சொல்லியாக வேண்டும். கல்யாண மண்டபத்தில் நல்ல பெட்டி ஸ்பீக்கர் இருக்கும். கிராமத்துத் திருவிழாவில் மேடைக்குப் பக்கத்தில் பெட்டி, தெருத்தெருவாகப் புளியமரத்திலும் கரண்ட் கம்பத்திலும் குழாய். குழாய்க்கு பேஸ் கிடையாது, ஸ்டீரியோவும் கிடையாது. பெரும்பாலும் ரேடியோ செட்டுக்காரர் நம்மிடம் ஒரே ஒரு கேபிளைத்தான் நீட்டுவார், அதை எல்/மோனோ என்று எழுதியிருக்கும் துளையில் செருக வேண்டும். ஸ்டீரியோவாகப் பதிவான பியானோவும் கோரஸ் நிறைந்த பேடும் மோனோவில் சேரும்போது சில அலைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மெலிந்துபோகும். ஜூனோவின் அகலமான ஸ்ட்ரிங்ஸ் குழாயில் வரும்போது பாதி அழகு போய்விடுகிறது, எம்எக்ஸின் பிராஸும் பியானோவும் குழாயிலும் நிமிர்ந்து நிற்கின்றன. அதனால் கிராமத்துக் கச்சேரி என்றால் ஜூனோவில் கோரஸைக் குறைத்த டோன்களைத் தனியாகச் சேமித்து வைத்திருக்கிறேன். இதைக் கண்டுபிடிக்க ஒரு நாள் பாட்டுக்கு நடுவில் மேடையை விட்டு இறங்கி, இரண்டு தெரு தள்ளி டீக்கடை வாசலில் நின்று கேட்டேன், என் இடத்தில் இன்னொரு தம்பி வாசித்துக்கொண்டிருந்தான். ஒரு தடவையாவது நீங்களும் இப்படிக் கேட்டுப் பாருங்கள்.

கரண்ட் விஷயம். எம்எக்ஸ் 12 வோல்ட் அடாப்டரில் மட்டும் ஓடுகிறது. ஜூனோ டிஎஸ்61 அடாப்டரிலும் ஓடும், சார்ஜ் ஏற்றக்கூடிய ஏஏ அளவு பேட்டரி எட்டுப் போட்டாலும் ஓடும். மேலூர்ப் பக்கம் ஒரு கச்சேரியில் உச்சகட்டப் பாட்டு, இரண்டாவது சரணம் தொடங்கப்போகிற நேரம், லைனிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றினார்கள். மாற்றப்போகிறோம் என்று மேடைக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு நொடிதான் இருட்டு. ஆனால் எம்எக்ஸ் அணைந்து திரும்ப எழுந்து, நான் டோனைத் தேடிப் போட்டு, கட்டையைத் திரும்ப வைத்து முடிப்பதற்குள் பாடகர் தபேலாவை மட்டும் வைத்து ஒரு சரணத்தைப் பாடி முடித்துவிட்டார். அவர் அனுபவசாலி, சமாளித்தார். எனக்குத்தான் அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. அதிலிருந்து கிராமத்துக் கச்சேரிக்கு ஜூனோவைச் சார்ஜ் ஏற்றக்கூடிய பேட்டரி போட்டுத்தான் கொண்டுபோகிறேன், இடைவேளையில் மாற்ற இன்னொரு செட்டும் பையில் இருக்கும். எம்எக்ஸ் வைத்திருப்பவர்கள் கம்ப்யூட்டருக்குப் போடுகிற சின்ன யுபிஎஸ் ஒன்றைக் கூடவே கொண்டுபோங்கள். கூடுதல் கனம்தான், ஆனால் தேவை.

வீட்டில் உட்கார்ந்து பாட்டுப் பதிவு செய்பவர்களுக்கு எம்எக்ஸைத்தான் சொல்வேன். ஒரே யுஎஸ்பி கேபிளில் ஆடியோவும் மிடியும் (எந்தக் கீயை எப்படி அழுத்தினோம் என்ற தகவல்) கம்ப்யூட்டருக்குப் போகிறது, தனியாக ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கத் தேவையில்லை. ஒரே நேரத்தில் 16 வாத்தியத்தைத் தனித்தனியாக வாசிக்க 16 பார்ட் இருப்பதால் டிரம்ஸ், பேஸ், ஸ்ட்ரிங்ஸ், பிராஸ் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரிலிருந்து ஒரே நேரத்தில் ஓட்டிப் பார்க்கலாம். என் சின்னப் பதிவு வேலைகள் எல்லாம் இப்படித்தான் நடக்கின்றன. இன்னொன்று, பின்னால் போனைச் செருக ஒரு சின்னத் துளை இருக்கிறது, போனில் தம்புரா ஆப்பை ஓடவிட்டு அதில் செருகினால் ஸ்ருதியும் கீபோர்டும் ஒன்றாக ஸ்பீக்கரில் வரும். சாதகம் பண்ண இதைவிட வசதி வேண்டாம். கம்ப்யூட்டரே இல்லாமல் கீபோர்டிலேயே தாளம், பேஸ், கார்டு என்று அடுக்கிப் பார்க்க நினைப்பவர்களுக்கு ஜூனோவில் எட்டு ட்ராக் பேட்டர்ன் சீக்வென்சர் இருக்கிறது, எம்எக்ஸில் அப்படிப் பதிவு செய்ய முடியாது. ஜூனோவில் மைக்கையும் செருகலாம், பாடிக்கொண்டே வாசிக்கிறவர்களுக்கு ரிவெர்பும், குரலை வாத்தியம் மாதிரி மாற்றும் வோக்கோடரும் அதிலேயே கிடைக்கும்.

ஆக, ஒன்றுதான் வாங்க முடியும், மேடையில் மெலடி வாசிப்பதுதான் உங்கள் வேலை என்றால் என் பதில் ஜூனோ டிஎஸ்61. குழலும் வயலினும் நாதஸ்வரமும் உங்கள் கையில் பேச வேண்டும் என்றால் அந்த லீவர் வேண்டும், கிராமத்துக்குப் போகிறவர் என்றால் அந்த பேட்டரி வேண்டும். இரண்டு கீபோர்டுகாரர் இருக்கிற குழுவில் நீங்கள் கார்டு, பியானோ, பிராஸ் பக்கம் என்றாலோ, மேடையைவிட வீட்டில் பதிவுதான் அதிகம் என்றாலோ தயங்காமல் எம்எக்ஸ் எடுங்கள்.

2024ல் ரோலண்டு ஜூனோ டி6 என்று அடுத்த வரிசையைக் கொண்டுவந்துவிட்டது. அதனால் நம் பசங்கள் பெரும்பாலும் இந்த இரண்டையும் செகண்ட் ஹேண்டில்தான் வாங்கப்போகிறார்கள், அதில் தப்பே இல்லை. ஆனால் விற்பவர் வீட்டுக்கு உங்கள் ஹெட்போனைக் கொண்டுபோங்கள். 61 கீயையும் ஒவ்வொன்றாக மெதுவாக அழுத்தியும் ஓங்கி அழுத்தியும் பாருங்கள், ஏதாவது ஒரு கீ மட்டும் எப்போதும் ஓங்கியே பேசினால் அடியில் இருக்கும் ரப்பர் தேய்ந்திருக்கிறது. ஸ்லைடரையும் நாப்பையும் கடைசி வரை ஓட்டிப் பாருங்கள், நம் ஊர்ப் புழுதியில் முதலில் போவது அவைதான். ஸ்ட்ரிங்ஸ் டோனில் ஒரு கீயை அழுத்திக்கொண்டு லீவரையோ சக்கரத்தையோ பத்துத் தடவை ஆட்டிவிட்டு விடுங்கள், ஒவ்வொரு தடவையும் சரியாகப் பழைய ஸ்ருதிக்கு வந்து நிற்க வேண்டும். ஒரு நூல் விலகி நின்றாலும் அந்தக் கீபோர்டு வேண்டாம். அடாப்டர் கம்பெனியுடையதுதானா என்று பார்த்து வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பெண்ட் அளவு எவ்வளவில் இருக்கிறது என்று பாருங்கள். முன்னால் வைத்திருந்தவர் அதை ஏழுக்கோ பன்னிரண்டுக்கோ மாற்றியிருப்பார், இரண்டுக்குக் கொண்டுவந்துவிட்டு டி ஷார்ப்பை அழுத்துங்கள்.